கடனுக்கு முன்னால் காயவைக்கக் களம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், உணவுப் பாதுகாப்புத் துறை, வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

நாங்குநேரி, இராதாபுரம், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, விளைந்ததில் ஒரு பங்கைப் பச்சையாகவும் மறு பங்கை வத்தல், ஊறுகாய், பொடி என்று பக்குவம் பண்ணியும் விற்கிற குடும்பங்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு முதலில் காட்டப்படும் வழி கடன். 2020-இல் வந்த குறு உணவு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் கடனோடு சேர்த்து, திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க முதல் வைத்தார்கள். நல்ல உதவிதான். ஆனால் புதுக் குடும்பம் முதல் இரண்டு வருசத்தில் நொடிந்து போவது எந்திரம் இல்லாமல் அல்ல. உள்ளே ஈரம் நின்ற வத்தல், புளிப்பு பத்தாத ஊறுகாய், பச்சைக்காயின் விலையைப் பார்க்காமல் போட்ட கணக்கு, இந்த மூன்றும்தான் கவிழ்க்கின்றன. கடனில் வாங்கிய எந்திரம் இதில் ஒன்றையும் தீர்க்காது.

ஆகவே நாங்கள் கேட்பது இது: பிர்காவுக்கு (வட்டத்தின் உட்பிரிவான குறுவட்டத்துக்கு) ஒரு மூடிய காயவைக்கும் களம், அதன் ஓரத்தில் ஒரு சோதனை மேசை, சந்தையில் விற்க ஓர் இடம். கடன் அதற்குப் பிறகு வரட்டும்.

கணக்கிலிருந்து தொடங்குகிறோம். கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். 10 கிலோ காயை நறுக்கிக் காயவைத்தால் கையில் நிற்பது 800 கிராம். பாகற்காயும் ஏறக்குறைய அப்படித்தான். விதை எடுத்தால் இன்னும் குறையும். சீனியவரைக்காயில் நீர் கொஞ்சம் குறைவு என்பதால் 10 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ தேறும். பழுத்த மிளகாய் 4 கிலோ போட்டால் 1 கிலோ வத்தல். கத்தரிக்காய் கிலோ 10 ரூபாய்க்கு இறங்கின நாளில் ஒரு கிலோ வத்தலுக்குக் காய்ச்செலவு மட்டும் 125 ரூபாய். காய் 40 ரூபாய்க்குப் போகும் நாளில் அதே செலவு 500 ரூபாய். உப்பு, விறகு, கூலி, பை எல்லாம் இதற்கு மேல். விலை நன்றாக இருக்கும்வரை பச்சையாக விற்க வேண்டும். நயினார்குளம் மார்க்கெட்டில் விலை விழுகிற நாள்தான் வத்தல் போடும் நாள். அந்த நாள் சொல்லிக்கொண்டு வராது. வரும்போது களம் காலியாகவும் வெயில் தாராளமாகவும் இருக்க வேண்டும். தனிக் குடும்பத்தின் மொட்டை மாடி அன்றைக்குப் பத்தாது. பொதுக் களம் கேட்பதற்கு முதல் காரணம் இது.

பயிர்த் திட்டமும் களத்தை அளந்துதான் போட வேண்டும். 50 சென்ட் காய்கறிக்கு என்று வைத்தால் சீனியவரையை ஒரே நாளில் விதைக்கக் கூடாது. 15 நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதைத்தால், 45, 50 நாளில் தொடங்கும் பறிப்பு சீராக வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிஞ்சாகப் பறிக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிவிட்டால் நார் ஏறிவிடும், எண்ணெயில் பொரித்தாலும் பல்லில் மாட்டும். வேலியோரம் சுண்டை, வரப்பில் முருங்கை, வாய்க்கால் ஓரத்தில் மணத்தக்காளி, மானாவாரியில் மிதுக்கு. எலுமிச்சையும் நார்த்தையும் ஐந்தாறு மீட்டர் இடைவெளி கேட்கும், காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருசம் ஆகும். அதை நம்பி முதல் வருசம் ஊறுகாய்க் கணக்குப் போடும் குடும்பம் வெளியில் பழம் வாங்கித்தான் தொழில் நடத்தும். அப்போது அது கடைச்சரக்கை மாற்றி விற்கிற வேலையாகிவிடும். வேளாண் அலுவலர்கள் திட்ட அறிக்கை பார்க்கும்போது இந்த ஒன்றை மட்டுமாவது கேட்க வேண்டும்: முதல் வருசச் சரக்கு எந்தச் செடியிலிருந்து வருகிறது?

பூச்சிமருந்து பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 கிலோ காய் 800 கிராமாகச் சுருங்கும்போது, மேலே அடித்த மருந்து அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளை, அதாவது அடித்ததிலிருந்து பறிக்கும்வரை விட வேண்டிய நாளை, வத்தலுக்குப் பறிப்பவர்கள் இரட்டிப்பாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வத்தலுக்கு ஒதுக்கிய பாத்தியில் காய்ப்பு தொடங்கிய பின் ரசாயன மருந்தே அடிக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

இனி காயவைப்பது. மொத்தத் தொழிலும் இதில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நம் மாவட்டத்தில் மாசி முதல் வைகாசி வரை திறந்த வெயில் நம்பத்தக்கது. ஆனி, ஆடியில் மேற்கே அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் சாரல். காற்றே ஈரமாக இருக்கும். அதே மாதத்தில் பணகுடி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் காற்று வேகமாக அடித்து நன்றாகவே உலர்த்தும், ஆனால் தேரி என்னும் செம்மணல் மேட்டு மணலையும் சேர்த்துக் கொண்டுவந்து போடும். வத்தலில் ஏறின மணல் எத்தனை புடைத்தாலும் முழுசாகப் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த வெளியில் ஒன்றும் செய்ய முடியாது. மார்கழி, தையில் பகல் வெயில் உண்டு, இரவில் பனி. பொழுது சாயும் முன்னே எடுத்து மூடாவிட்டால் பகலில் போன ஈரம் இரவில் திரும்ப ஏறும். இப்படி ஏறி இறங்கும் வத்தலில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. மிளகாய் வத்தலிலும் நிலக்கடலையிலும் பிடிக்கும் ஒருவகைப் பச்சைப் பூஞ்சணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்தாலும் நஞ்சு உள்ளேயே இருக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் போகாது. காம்பைக் கிள்ளிப் பார்த்து உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிந்த மிளகாயை அரவைக்கு ஒதுக்குகிறார்கள். அரைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே அப்படி நடக்கிறது. அந்த மிளகாயை அழிக்கத்தான் வேண்டும்.

தார்ரோட்டில் பரப்புவதை விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சிமெண்டுத் தரையும் தார்ப்பாயும்கூடச் சரியில்லை. அடிப்பக்கம் வியர்த்து நிற்கும், மேல்பக்கம் மட்டும் காயும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கட்டில்போலக் கட்டி, உணவுக்கு ஏற்ற வலையை இழுத்து, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். காற்று கீழிருந்தும் மேலிருந்தும் போக வேண்டும்.

நாங்கள் கேட்கும் மூடிய களம் இப்படி: 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பிளாஸ்டிக் தாளோ பாலிகார்பனேட் பலகையோ போர்த்திய அரைவட்டக் கூடாரம். உள்ளே இரண்டடுக்குத் தட்டு. ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு 4 கிலோ பச்சைக்காய்க்கு மேல் பரப்பக் கூடாது. 20 சதுர மீட்டர் தட்டு இருந்தால் ஒரு தடவைக்கு 80 கிலோ. கீழே வலை போட்ட காற்றுத் துளை, உச்சியில் ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறி. விசிறிதான் உயிர். அதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டால் பகலில் கிளம்பிய நீராவி இரவில் தாளின் உள்பக்கம் துளியாகத் தங்கி, விடிவதற்குள் சரக்கின் மேலேயே சொட்டும். கூடாரம் போட்டும் பூஞ்சணம் பிடிக்கிறது என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உள்ளே வெப்பம் 50-க்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் மேல்தோல் இறுகிக்கொண்டு உள் ஈரத்தை வெளியே விடாது. தொட்டால் மொறுமொறுப்பாக இருக்கும். பையில் போட்ட பத்தாம் நாள் வதங்கிவிடும். 100 ரூபாய்க் கண்ணாடி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு இரண்டு மணிக்கொரு தரம் பார்த்தாலே போதும்.

காயவைக்கும் முன் வெந்நீர்ப் பக்குவம். 5 லிட்டர் கொதிநீரில் 100 கிராம் உப்பு. சீனியவரை, கத்தரி, பாகல் எதுவானாலும் தடவைக்கு ஒரு கிலோ, இரண்டு முதல் மூன்று நிமிடம். காயின் உள்ளே நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் அப்போது அடங்குகின்றன. ஐந்து நிமிடம் விட்டால் காய் குழைந்து தட்டோடு ஒட்டும். ஒரே தடவையில் மூன்று கிலோவைக் கொட்டினால் நீர் கொதி இறங்கிவிடும், நேரத்தைப் பார்த்துப் பயனில்லை.

மோர் மிளகாயில் வேறு ஒரு தப்பு நடக்கிறது. 1 கிலோ குண்டு மிளகாய்க்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, நன்றாகப் புளித்த கெட்டி மோர், 80 முதல் 100 கிராம் உப்பு. இரவில் மோரில், பகலில் வெயிலில். மோர் முழுசாக ஏறும்வரை நான்கைந்து நாள். மிளகாயைக் காம்புப் பக்கம் கீறியோ ஊசியால் குத்தியோ விடாவிட்டால் மோர் உள்ளே போகாது. வெளியே காய்ந்து, விதை இருக்கும் குழி ஈரமாகவே இருந்து, அங்கேயிருந்து கறுக்கும்.

காய்ந்ததும் பையில் போட அவசரப்படக் கூடாது. மூடியுள்ள எவர்சில்வர்ப் பானையிலோ கண்ணாடிச் சாடியிலோ முக்கால் பாகம் நிரப்பி ஒரு வாரம் வைத்து, தினமும் ஒரு தரம் குலுக்க வேண்டும். சில துண்டு அதிகம் காய்ந்திருக்கும், சிலது குறைவாக. ஈரம் தங்களுக்குள் சமமாகும். சாடியின் சுவரில் ஒரு துளி வியர்த்தாலும் திரும்பக் களத்துக்குப் போக வேண்டும். கல்லுப்பில் மக்னீசியச் சேர்மங்கள் இருப்பதால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். உப்பு தூக்கலாகப் போட்ட வத்தல் ஐப்பசியில் நமத்துப்போவது அதனால்தான். காயும்போது உப்பு செறிவாகும், ஆகவே வத்தலுக்கும் கூழ் வடகத்துக்கும் நாக்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும் அளவே சரி.

களத்து ஓரத்தில் கேட்கும் சோதனை மேசைக்குப் பெரிய செலவு இல்லை. 0.01 கிராம் வரை நிறுக்கும் தராசு, 105 டிகிரியில் நிற்கும் சிறு அடுப்பு, புளிப்பை அளக்கும் ஒரு பிஎச் மீட்டர், அதைச் சரிபார்க்க பிஎச் 4, 7 உள்ள இரண்டு கரைசல். வத்தலில் 10 கிராம் எடுத்து, எடை இனி இறங்காது என்னும்வரை அடுப்பில் வைக்க வேண்டும். 9.2 கிராமில் நின்றால் ஈரம் 8 விழுக்காடு, பையில் போடலாம். 8.8-க்கு இறங்கினால் ஈரம் 12, போடக் கூடாது. உளுந்து, பயறுக்கு இதுகூட வேண்டாம்: உலர்ந்த தூள் உப்பைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் தானியத்தோடு போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால், ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உப்பு சுவரில் ஒட்டும்.

ஊறுகாய்க்குப் பிஎச் மீட்டர் ஏன் என்பதை உணவுப் பாதுகாப்புத் துறை நன்கு அறியும். புதுக் குடும்பங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்; அது 4.6-க்குக் கீழே இருந்தால், நரம்பைச் செயலிழக்கவைக்கும் போட்டுலிசம் நஞ்சைச் சுரக்கும் கிருமி வளராது. அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. எலுமிச்சை, நார்த்தங்காய், மாங்காய்க்குத் தன் புளிப்பே காவல். பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகு, கீரைத் தொக்கு ஆகியவற்றுக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது. எண்ணெயில் வதக்கிப் புட்டியில் அடைத்துவிட்டு எண்ணெய் மிதந்தால் கெடாது என்று நம்புகிறார்கள். எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுக்கும், இந்தக் கிருமியைத் தடுக்காது. நஞ்சு ஏறின ஊறுகாயில் மணமோ ருசியோ மாறியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. எலுமிச்சைச் சாறோ கெட்டிப் புளிக்கரைசலோ வினிகரோ சேர்த்து, காயையும் சாற்றையும் ஒன்றாக அரைத்து அளந்து, பிஎச் 4-க்குக் கீழே வந்த பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். மேலே நிற்கும் சாற்றை மட்டும் அளந்தால் அது ஏமாற்றும். பூண்டுப் பல்லின் நடுப்பகுதிவரை புளிப்பு போகச் சில நாள் ஆகும். இந்த ஒரு விசயத்துக்காக மட்டுமே பயிற்சி வைத்தாலும் தகும்.

எலுமிச்சைக்கு 1 கிலோ நறுக்கிய பழத்துக்கு 180 முதல் 200 கிராம் உப்பு, மூன்று நான்கு வாரம். பழம் தன் சாற்றில் மூழ்கியிருக்க வேண்டும். மிதக்கும் துண்டின்மேல் வெள்ளையாக ஏடு படியும். அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளறிவிடுவது வழக்கம். ஆனால் அந்த ஏடு புளிப்பைத் தின்று வளர்கிறது. விட்டால் புளிப்பு இறங்கி மற்றக் கிருமிக்கு இடம் கொடுக்கும். கழுவிய கல்லோ கண்ணாடித் தட்டோ பாரமாக வைத்து அமுக்கிவிட்டால் ஏடே வராது. புட்டியைக் கொதிநீரில் 15 நிமிடம் வைத்து, ஈரமில்லாமல் உலர்த்தி, மேலே காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் ஒரு விரற்கடை நிற்கும்படி ஊற்ற வேண்டும்.

பொடி வகைக்குச் சுருக்கமாக: வறுத்தது முழுசாக ஆறாமல் அரைக்கக் கூடாது, அரைத்தது ஆறாமல் அடைக்கக் கூடாது. தேங்காய் சேர்ந்த பொடி சில வாரத்தில் சிக்கடிக்கும், அதை மாதக்கணக்கில் விற்கும் சரக்காகப் போடவே வேண்டாம். பை ஒட்டும் இடத்தில் பொடியோ எண்ணெயோ படிந்தால் ஒட்டு நிற்காது. ஒட்டிய பையைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

திசையன்விளை, உவரிப் பக்கத்துக் கருப்பட்டிக் குடும்பங்களுக்கு வேறு வகை நெருக்கடி. 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் 1 கிலோ கருப்பட்டி. சீனி கலந்து காய்ச்சிய சரக்கு பாதி விலைக்குப் பக்கத்திலேயே விற்கிறது. சுத்தமான சரக்கு என்று காட்ட அவர்கள் கையில் ஒரு சோதனைத் தாள் வேண்டும்.

அதற்கான இடம் நம்மிடமே இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. 2006-ஆம் வருச உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பொருளை வாங்கியவர் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. செய்கிறவர், விற்பதற்கு முன்னாலேயே, கட்டக்கூடிய கட்டணத்தில் சோதித்துக்கொள்ள மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். அஃப்லடாக்சின், ஈரம், பிஎச், கருப்பட்டியில் சீனி, இந்த நான்கு போதும். மாதிரியைத் தண்டனைக்காக எடுக்கும்போது மட்டுமே அந்தக் கூடத்தைப் பார்க்கிற நிலை மாறினால் சிறு குடும்பங்கள் தாங்களே தேடி வரும். கிணற்றுத் தண்ணீரையும் இதோடு சேர்க்க வேண்டும்: இராதாபுரம் பக்கத்து உவர்நீரில் ஊறவைத்த சரக்கு நிறம் மாறும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் வருசம் இரண்டு தடவை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றும், கட்டணமில்லாமல் பார்த்துக் கொடுங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி செய்யும் பதிவு பற்றி ஒரு குழப்பம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, விவசாயி தன் நிலத்தில் விளைவித்த விளைபொருளுக்கு விலக்குத் தருகிறது. கத்தரிக்காய் விற்கப் பதிவு வேண்டாம், கத்தரி வத்தல் விற்க வேண்டும். 2011-இல் வந்த விதிகள் வருச விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவரைச் சிறு வணிகராக எடுத்துக்கொண்டு, வருசத்துக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு தந்தன. தொகை சின்னது, இணைய விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் இடையில் ஒருவருக்குப் பல மடங்கு கொடுப்பதுதான் பெரிய செலவு. களத்திலேயே வருசம் ஒரு முகாம் போட்டுப் பதிவு செய்து கொடுங்கள்.

லேபிளும் இப்படியே. 2020 விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும்; தமிழை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் அச்சடித்துவிட்டு, பிறகு மொத்தச் சுருளையும் தூக்கிப் போடும் குடும்பங்கள் உண்டு. சேர்பொருள் இறங்குவரிசை, எடை, தொகுதி எண், செய்த தேதி, காலாவதி, பச்சைப் புள்ளி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் இடம்பெற்ற இருமொழி மாதிரி ஒன்றைத் துறையே வெளியிட்டால் போதும், பெயரை மாற்றி அச்சடித்துக்கொள்வோம். காலாவதியை மட்டும் பெரிய கம்பெனிப் புட்டியைப் பார்த்து எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து பாக்கெட்டை வீட்டு அலமாரியில் ஒதுக்கி வைத்து, 1, 2, 3, 6, 9-ஆம் மாதங்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எழுதிவைத்தால் தங்கள் சரக்கின் ஆயுள் தங்களுக்கே தெரியும்.

விற்கும் இடத்துக்கு வருகிறோம். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகள் பச்சைக்காய்க்கும் பழத்துக்கும் என்று அமைந்தவை. பாளையங்கோட்டை மகாராஜா நகர் சந்தையில், சனி, ஞாயிறு மட்டும், ஆறு கடையைச் சொந்த விளைச்சலைப் பக்குவம் பண்ணி விற்கும் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். சொந்த விளைச்சல் என்பதற்கு எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலின் நகலும், களத்துப் பதிவேடும் சான்றாக இருக்கட்டும். என்ன தேதியில் எந்த நிலத்துக் காய் எத்தனை கிலோ உள்ளே வந்தது, எத்தனை கிலோ வத்தலாக வெளியே போனது என்று அதில் இருக்கும். 80 கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தவர் 20 கிலோ வத்தல் விற்றால் பதிவேடே கேள்வி கேட்கும். வெளிச்சரக்கு நுழையாமல் தடுக்க இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த வருசமே தொடங்க வேண்டுமானால் காலம் நெருக்கமானது. கூடாரம் தை முடிவதற்குள் நிற்க வேண்டும், மூன்று நாள் பயிற்சி தையிலேயே நடக்க வேண்டும். மாசி வெயிலைத் தவறவிட்டால் புதுக் குடும்பத்துக்கு ஒரு வருசம் போச்சு. முதலில் இரண்டு களம் போதும்: சாரல் விழும் அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, மணற்காற்று அடிக்கும் திசையன்விளை பக்கம் ஒன்று. இரண்டு இடத்துக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது என்பதால், எதை மாற்ற வேண்டும் என்று அங்கே பார்த்த பிறகு மற்றப் பிர்காக்களுக்குப் போகலாம். வெந்நீர்ப் பக்குவம், ஈரச் சோதனை, பிஎச் அளப்பது ஆகிய மூன்றையும் செய்து காட்ட எங்கள் குடும்பங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கூலி வாங்காமல் வருவார்கள். தேதியும் இடமும் மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நாங்குநேரி, இராதாபுரம், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டங்களைச் சேர்ந்த சிறு விவசாயக் குடும்பங்கள்